ஐந்து மேசை, ஒரு கப்பல்

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலைக் காபியைக் குடித்து முடிப்பதற்குள்ளேயே மாதலேனுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. காரணம், சுவரில் தொங்கிய ஒரு காலண்டர்.

சோலோன் பேட்டை அரிசி மண்டிக்காரன் புது வருஷத்துக்குக் கொடுத்தது அது. ஏப்ரல் மாதத் தாளைத் திருப்பி மாட்டி, வெறும் பக்கத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தாள் ஒடெட். கட்டத்துக்கு ஒரு நாள். யார், எத்தனை மணிக்கு, எந்த ஆபீஸ் ஜன்னலில் நிற்க வேண்டும் என்று பென்சிலில் பொடிப் பொடியாக எழுதியிருந்தது. இருபத்து மூன்றாம் தேதிக் கட்டத்தில் மட்டும் ஒரே ஒரு சொல்: கப்பல்.

"எங்க ஆபீஸ் பெரிய துரைக்குக்கூட இப்படி யோசிக்க வராது. ஒடெட்டுக்கு வந்திருக்கு பாரு!" என்றார் இக்னாஸ். நேற்றிலிருந்து இது மூன்றாவது தடவை.

"ஒங்க ரொட்டி காபியில விழுந்து ஊறிப்போச்சு. மொதல்ல அத எடுங்க" என்றாள் மாதலேன்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில், இந்த மனிதர் தன்னை ஒரு தடவையாவது 'மூளைக்காரி' என்று சொன்னதுண்டா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். மீன் குழம்பைப் பாராட்டியிருக்கிறார். அவள் ஊசி போட்டால் வலிக்காது என்று நாலு பேரிடம் பெருமை பேசியிருக்கிறார். மூளை என்ற வார்த்தை மட்டும் மாடிக்குப் போய்விட்டது.

பதினோராவது வாரத்தில் புதிதாக வந்து சேருகிறவர்களுக்காக, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிடுகிறேன்.

சைகோனில், மாரியம்மன் கோயிலுக்குப் பின்சந்தில் மாடியும் கீழுமாக ஒரு வீடு. கீழே மூத்தவர் இக்னாஸ் (ஒடெட்டுக்குப் 'பெரியவர்'), வரி ஆபீஸ் குமாஸ்தா. அவர் மனைவி மாதலேன், நகர சுகாதார ஆபீசில் ஊசி போடும் நர்ஸ். ஒரே மகன் கப்ரியேல், பதினேழு வயது. மாடியில் இளையவர் மொரீஸ். வடக்கே நடந்த சண்டையில் இடது காலைக் கொடுத்துவிட்டு வந்த சார்ஜன்ட். அவர் மனைவி ஒடெட்டுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. கல்யாணமாகிப் பத்து வருஷம், குழந்தை இல்லை. பூர்வீகம் காரைக்கால். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டுகிறான், தெருமுனையில் மணல் மூட்டை ஏறுகிறது, நாமும் பிரான்சுக்குப் போய்விடலாம் என்று 1955 பிறந்ததும் இரண்டு தளமும் சேர்ந்து முடிவு செய்தன.

முடிவு செய்துவிட்டால் போதுமா? கப்பலேற ஐந்து மேசை தாண்ட வேண்டும். பதிவு மேசை குடும்பத் தாள் தர வேண்டும். வரி மேசை, 'இவரால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை' என்று எழுத வேண்டும். போலீஸ் மேசை, ஊரை விட்டுப் போக அனுமதி தர வேண்டும். சுகாதார மேசை காலரா ஊசி போட்டு மஞ்சள் அட்டை கொடுக்க வேண்டும். நாலையும் பார்த்துத்தான் கப்பல் கம்பெனி மேசை டிக்கெட் கிழிக்கும். இதில் சில மேசைகள் இன்னும் பிரெஞ்சுக்காரர் கையில். சில மேசைகள் புது சர்க்கார் கையில். ஒருத்தர் முத்திரையைப் பார்த்தால் இன்னொருத்தருக்கு ஆகாது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். சைகோனில் அந்த வருஷம் குமாஸ்தாக்களுக்குக் கொண்டாட்டம்.

போதாக்குறைக்கு ஒவ்வொரு தாளுக்கும் ஒரு ஆயுசு. வரித் தாளுக்குப் பதினைந்து நாள். போலீஸ் தாளுக்குப் பத்து நாள். மஞ்சள் அட்டையோ, ஊசி குத்திய ஆறாம் நாள்தான் செல்லுபடியாகும். ஒன்றை வாங்கிக்கொண்டு அடுத்த ஜன்னலுக்கு ஓடுவதற்குள் முதலாவது காலமாகிவிடும்.

இக்னாஸ் இரண்டு தடவை முயன்றார். முதல் தடவை தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. இரண்டாம் தடவை விண்ணப்பமே திரும்பி வந்தது. 'பிள்ளைகள்' என்ற பத்தியில் கப்ரியேலுக்குக் கீழே, மொரீஸ், வயது முப்பத்தெட்டு, ஒடெட், வயது முப்பத்து மூன்று என்று எழுதியிருந்தார். அப்பா இல்லாத வீட்டில் மூத்தவன்தானே அப்பா, தம்பியும் தம்பி பெண்சாதியும் பிள்ளைகள்தானே என்பது அவர் நியாயம். பதிவு மேசை பிரெஞ்சுக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தாளாம்.

அப்புறம்தான் ஒடெட் கையில் பென்சிலை எடுத்தாள். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து எந்தக் கம்பியை எந்த ஓட்டையில் சொருகுவது என்று பழகியவள். கப்பல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தாள். நடுவில் இரண்டு போன். பத்தே நாளில் மூன்று மேசை முடிந்துவிட்டது.

டிக்கெட்டுக்கு முன்னால் மிச்சம் ஒரே ஒரு வேலை. ஒடெட்டுக்குக் காலரா ஊசி. புதன்கிழமையே மாதலேன் தனக்கும் கணவருக்கும் மகனுக்கும் போட்டுவிட்டாள். மொரீசுக்கு ராணுவ அட்டை இருந்தது. ஒடெட்டுக்கு மட்டும் அன்றைக்கு எக்ஸ்சேஞ்சில் விடுப்புக் கிடைக்கவில்லை. இன்று பதினாறு. இன்று குத்தினால் வெள்ளிக்கிழமை அட்டை செல்லும். திங்கட்கிழமை குத்தினால் கப்பல் போன மறுநாள்தான் செல்லும். பதினாறாம் கட்டத்தில் 'காலை 10.30, அக்கா ஜன்னல்' என்று எழுதியிருந்தது.

'நானும் அவள் கட்டத்தில் ஒரு ஜன்னல்' என்று முணுமுணுத்துக்கொண்டே மாதலேன் வேலைக்குக் கிளம்பினாள்.

---

சொன்னபடி பத்தரைக்கு வந்து நின்றாள் ஒடெட். கையில் பழுப்பு உறை போட்ட தோசியே. கோப்பு என்று சொன்னால் அந்த வீட்டில் யாருக்கும் புரியாது. தோசியே என்றால்தான் புரியும்.

"போன்ழூர்க்கா. கூட்டம் இல்லியே?"

"ஒனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் மாதலேன். அதில் பாசம் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

ஊசி போடுமுன் தோசியேயைப் பார்த்துப் பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்பது சட்டம். புதன்கிழமை தன் வீட்டு ஆட்களுக்குப் பார்க்காத சட்டத்தை இன்று ஒடெட்டுக்குப் பார்த்தாள். ஒடெட் கைக்கடிகாரத்தைக் கழற்றி, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மாதலேன் உறையைத் திறந்தாள்.

குடும்பத் தலைவர்: மொரீஸ். மனைவி: ஒடெட். பராமரிப்பில் உள்ளவர்: கப்ரியேல், வயது 17.

அவ்வளவுதான். தாளைத் திருப்பினாள். இக்னாஸ் இல்லை. மாதலேன் இல்லை. ஐந்து பேர் போகிற தோசியே என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இதில் மூன்றே பேர். அந்த மூன்றாவது பேர், பதினெட்டு மணி நேரம் வலித்து அவள் பெற்ற பிள்ளை.

"இது என்ன?"

ஒடெட்டின் முகம் ஒரு நொடி மாறியது. "அக்கா, அத வீட்ல பேசிக்கலாம். மொதல்ல ஊசிய..."

"வீட்ல பேசணுமா? எழுதும்போது எந்த வீட்ல பேசினே?"

ஒடெட் உறையை மூடக் கை நீட்டினாள். மாதலேனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கப்ரியேல் எதற்கெடுத்தாலும் 'சித்தி, சித்தி' என்று மாடிப்படி ஏறுவது, சித்தி சொல்லிக் கொடுத்த பிரெஞ்சுக் கணக்கு, சித்தி தைத்துக் கொடுத்த சட்டை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. புருஷன் வாயிலிருந்த பாராட்டை எடுத்துக்கொண்டாள், சரி. வீட்டு அதிகாரத்தை எடுத்துக்கொண்டாள், அதுவும் சரி. இப்போது பிள்ளையையா?

"மருந்து தீந்துபோச்சு" என்றாள் மாதலேன்.

ஐஸ் பெட்டி அவள் காலடியிலேயே இருந்தது. அதற்குள் ஒன்பது குப்பி இருப்பதும் அவளுக்குத் தெரியும்.

"தீந்துபோச்சா?"

"தீந்துபோச்சு. திங்கக்கெழம வா."

ஒடெட் ஐஸ் பெட்டியைப் பார்க்கவில்லை. மாதலேனைத்தான் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டு, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, "சரிக்கா" என்று சொல்லித் தோசியேயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அழுதிருந்தால் மாதலேனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சண்டை போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அந்த 'சரிக்கா'வை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பதினொன்றேகாலுக்குப் பதிவேட்டில் அன்றைய கடைசிப் பெயருக்குக் கீழே சிவப்பு மையால் கோடு இழுத்து, நாள் முடிந்தது என்று கையெழுத்துப் போட்டாள். டாக்டர் வட்ட முத்திரையை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

---

பன்னிரண்டரைக்குச் சாப்பிட உட்கார்ந்த இக்னாஸ், சோற்றில் கை வைக்கவில்லை.

"மாதலேன், ஒண்ணு சொல்லணும். சாப்பிட்டுட்டுச் சொல்லலாம்னா எனக்குத் தைரியம் போயிடும்."

"நீங்க என்னத்தச் சொல்லப் போறீங்க! எனக்கு எல்லாம் தெரியும். தோசியேய நானே பாத்தேன். என் புள்ளைய அவ பேர்ல எழுதிக்கிட்டா."

"அவ எழுதல. நான் எழுதச் சொன்னேன்."

குழம்புக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

இக்னாஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். வரி ஆபீசைப் புது சர்க்காரிடம் ஒப்படைக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாப் பதிவேட்டையும் காட்டிக் கொடுக்கிறவரை பழைய குமாஸ்தா எவனும் ஊரை விட்டு அசையக் கூடாது என்று உத்தரவு. நாலு மாசமாவது ஆகும். அவர் நின்றால் அவர் பெயரில் உள்ள தோசியேயும் நிற்கும். கப்ரியேலுக்கு மே இரண்டாம் தேதி பதினெட்டு முடிகிறது. அதற்கப்புறம் அவன் யாருடைய பராமரிப்பிலும் போக முடியாது. தனியாகப் புதுத் தோசியே போட்டு, ஐந்து மேசையும் முதலிலிருந்து ஏற வேண்டும். காலிழந்த சிப்பாய் தன் அண்ணன் பிள்ளை ஒருவனைக் கூட்டிப்போகலாம் என்று மட்டும் ஒரு விதி இருந்தது. அடுத்த கப்பல் மே பதினாலு.

"அப்ப இந்தக் கப்பல்ல நாம..."

"நாம பின்னாடி போறோம். புள்ள முன்னாடி போவட்டும். இந்தத் தெருவுல அவன் வயசுப் பசங்கள எந்தக் கட்சிக்காரன் எப்ப இழுத்துக்கிட்டுப் போவான்னு யாருக்குத் தெரியும்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அனுப்ப மாட்டே."

"ஆனா அவகிட்டச் சொன்னீங்க!"

"அவ மூணு நாளு மாட்டேன்னுட்டா, மாதலேன். 'அக்கா என்னை உயிரோட விடாது'ன்னு அழுதா. நான்தான் கெஞ்சினேன். நானே ஒங்கிட்டச் சொல்லிக்கிறேன்னு சத்தியம் பண்ணினேன். தெனமும் தள்ளிப் போட்டுட்டேன்."

எய்தவன் இங்கே உட்கார்ந்திருக்க, அம்பை அவள் நொந்துகொண்டிருந்தாள். மாதலேனுக்கு இந்த மனிதர் தலையில் குழம்புச் சட்டியைக் கவிழ்க்கலாம் போல வந்தது. அதற்கு நேரமில்லை. வேறொரு கணக்கு மனசுக்குள் ஓடிவிட்டது. ஒரு தோசியேயில் ஒருவர் அட்டை குறைந்தாலும் மூன்று பேரையும் ஏற்ற மாட்டான் கப்பல் கம்பெனிக்காரன்.

"அவளுக்கு நான் ஊசி போடல" என்றாள்.

"என்னது?"

"மருந்து இருந்துச்சு. இல்லன்னு சொல்லிட்டேன்."

இக்னாஸ் திட்டவில்லை. கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். ஒன்று ஐந்து. சனிக்கிழமை மத்தியானம். ஊரில் ஒரு ஆபீஸ் திறந்திருக்காது.

"பெத்த புள்ள கப்பல நானே நிறுத்திட்டேன்" என்றாள் மாதலேன். சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

---

சிக்லோ ரிக்ஷாக்காரன் இரண்டு இடத்தில் மணல் மூட்டையைச் சுற்றிக்கொண்டு போனான். மூன்றாவது இடத்தில் துப்பாக்கியோடு நின்றவர்கள் கையைக் காட்டினார்கள். நர்ஸ் அட்டையைத் தூக்கிக் காட்டி, "கோலேரா! கோலேரா!" என்று கத்தினாள். அந்த வார்த்தைக்கு எல்லா சர்க்காரும் வழி விடும்.

சுகாதார ஆபீஸ் காவல்காரர் ஜலீல் பாய், அவர்கள் ஊர்க்காரர். சனிக்கிழமை மத்தியானம் கவர்னரே வந்தாலும் கேட்டைத் திறக்காத மனிதர். இன்று மாதலேனைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்காமல் சாவியை எடுத்தார்.

"வாங்க மதாம். பத்து நிமிஷத்துல வெளிய வந்திடுங்க. நான் ஒண்ணும் பாக்கல."

எட்டு வருஷத்தில் இந்த மனிதர் இவ்வளவு நல்லவராக இருந்து அவள் பார்த்ததில்லை. யோசிக்க நேரமில்லை. ஒரு குப்பியை ஐஸ் துண்டோடு துணியில் சுற்றினாள். கண்ணாடி ஊசிப் பெட்டியை எடுத்தாள். பதிவேட்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் பொய்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். காலையிலேயே போட்டதாக எழுதலாம். சிவப்புக் கோட்டுக்கு மேலே இடமில்லை. கோட்டுக்குக் கீழே எழுதினால், ஏன் கீழே என்று டாக்டர் கேட்பார். அவர் வட்ட முத்திரை விழாத மஞ்சள் அட்டை வெறும் மஞ்சள் காகிதம். நிஜத்தைச் சொன்னால் வேலை போகலாம். கணவர் அசைய முடியாத நாலு மாசம், அவளும் வேலையில்லாமல் இங்கே உட்கார வேண்டியதுதான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஒடெட் கீழே கூடத்தில், காலண்டருக்கு அடியில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கை தோள்வரை சுருட்டியிருந்தது. மொரீஸ் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "வாங்கண்ணி" என்றார்.

"தண்ணி கொதிக்குதுக்கா. அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றாள் ஒடெட்.

மாதலேன் ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். குப்பியிலிருந்து மருந்தை இழுத்தாள்.  எத்தனையோ ஆயிரம் கைகளில் குத்திய கை, இன்று கொஞ்சம் அழுத்தியே குத்தியது.

"ஸ்ஸ்..."

"வலிச்சுதா?"

"வலிக்கிற மாதிரிதானே குத்தினீங்க!" என்று ஒடெட் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது.

மாதலேனுக்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை. வாய் வரைக்கும் வந்து, அங்கிருந்து இறங்க மாட்டேன் என்றது. மேசையில் பதிவேட்டை விரித்து, சிவப்புக் கோட்டுக்குக் கீழே எழுதினாள்: 'மருந்து இருந்தும் காலையில் இவருக்கு மறுத்தேன். பிழை என்னுடையது. மாலை மூன்று மணிக்கு வீட்டில் போடப்பட்டது.' கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒடெட் படிக்கும்படி அதை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

ஒடெட் படித்தாள். மாதலேன் கைமேல் கையை வைத்தாள்.

மாதலேன் முகத்தைத் துடைத்துக்கொள்ள நிமிர்ந்தாள். அப்போதுதான், காலைக்குப் பிறகு முதல் தடவையாக, காலண்டர் கண்ணில் பட்டது. பதினாறாம் கட்டத்தில் 'காலை 10.30, அக்கா ஜன்னல்' என்பதைக் கோடு போட்டு அடித்திருந்தது. அதற்குக் கீழே புதிதாக மூன்று வரி.

'12.30, பெரியவர் சொல்ல வேண்டும்.'

'1.30, ஜலீல் பாய் கேட்.'

'3.00, அக்கா, வீட்டில் ஊசி.'

மாதலேன் அதை இரண்டு தடவை படித்தாள்.

"இத எப்ப எழுதினே?"

"பன்னெண்டுக்கு, வீட்டுக்கு வந்ததும்." ஒடெட் தலையைக் குனிந்துகொண்டாள். "அதுக்கு முன்னாடி எக்ஸ்சேஞ்சுல நின்னு பாய்க்குப் போன் போட்டேன். ஆபீஸ் மூடினதும் அவருதானே பெட்டிக்கு ஐஸ் போடுவாரு. ஒம்பது குப்பி இருக்குன்னாரு, அக்கா வந்தா கேட்டத் தெறந்து விடுங்கன்னேன். அப்புறம் பெரியவருக்குப் போன் போட்டு, இனிமே ஒரு நிமிஷம்கூடத் தள்ளாதீங்கன்னேன். ஒங்க பொய்ய நான் அவருகிட்டச் சொல்லலக்கா. விஷயம் தெரிஞ்சா நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும்."

ஆக, தன் பொய், தன் பதைபதைப்பு, சிக்லோவில் போட்ட கூச்சல், திரும்பி வந்தது எல்லாம் ஒடெட்டின் கட்டத்தில் ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தன. மாதலேனுக்கு நன்றியாக இருந்தது. வெட்கமாக இருந்தது. அந்த இரண்டுக்கும் அடியில், காலையில் எரிந்த அதே இடம் மறுபடி எரிந்தது. இவளிடம் தோற்பதற்குக்கூட இவளே நேரம் குறித்துக் கொடுக்கிறாளே!

கண் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. பதினேழு, ஞாயிறு. 'கப்ரியேலிடம் சொல்ல வேண்டும்:' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தது.

கப்ரியேலுக்கு இன்னும் தெரியாது. அப்பாவும் அம்மாவும் இல்லாமல் கப்பலேறப் போகிறோம் என்பது தெரியாமல், நண்பன் வீட்டில் பெட்டிக்குக் கயிறு வாங்கப் போயிருந்தான்.

"இங்க யார் பேரு?" என்று கேட்டாள் மாதலேன்.

"தெரியலக்கா. அதான் எழுதல."

மாதலேன் கையை நீட்டி ஒடெட்டின் கொண்டையில் சொருகியிருந்த பென்சிலை உருவினாள்.

"இது என் வேல. இதுல நீ வராத."

"வரலக்கா."

"படியில நின்னு கேக்கவும் கூடாது."

"கேக்க மாட்டேன்."

இடம் விட்ட இடத்தில் 'அம்மா' என்று எழுதினாள். அழுத்தி எழுதியதில் கடைசி எழுத்தில் பென்சில் முனை முறிந்து கீழே விழுந்தது.

அதற்கடுத்த கட்டம் பதினெட்டு, திங்கள். அங்கே ஒடெட் எழுதியிருந்தது ஒரே வரிதான்: 'டாக்டர் முத்திரை', பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஊரெல்லாம் கம்பி இழுத்து வைத்திருக்கிற ஒடெட்டுக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. மாதலேன் முனையில்லாத பென்சிலைப் பிடித்தபடி, அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வாசலில் சைக்கிள் வந்து நின்றது. "அம்மா! கயிறு கெடைச்சிடுச்சு" என்றான் கப்ரியேல். "அஞ்சு பேரு பெட்டிக்கும் போதும்."